நெருக்கடி நிலையிலும் கோர்ட் கதவு மூடாது

"நெருக்கடி நிலை அறிவித்தால் அடிப்படை உரிமை எல்லாம் ரத்து. போலீஸ் யாரையும் பிடித்து வைக்கலாம், கோர்ட்டுக்குப் போக முடியாது" என்று மதுரை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

1975-77 காலத்தில் ஏறக்குறைய இப்படித்தான் நடந்தது. பிடித்து வைத்தவரைக் கோர்ட்டில் நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனுவைப் போட முடியாது என்று 1976-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அந்த அச்சம் இன்றும் இருப்பது நியாயமே. ஆனால் சட்டம் மாறிவிட்டது.

1978-ஆம் ஆண்டின் 44-வது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு, அடிப்படை உரிமைகளுக்காகக் கோர்ட்டுக்குப் போவதை நிறுத்திவைக்க 359-வது பிரிவின்கீழ் குடியரசுத் தலைவர் ஆணையிட்டாலும் 20, 21 பிரிவுகளைத் தொட முடியாது. 20 என்பது குற்ற வழக்கில் தண்டனை தொடர்பான பாதுகாப்பு; 21 என்பது உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்குமான உரிமை. பேச்சு, கூட்டம் கூடுதல் போன்றவற்றைத் தரும் 19-வது பிரிவு தானாகச் செயலிழப்பதும் போர் அல்லது வெளி ஆக்கிரமிப்பின்போது மட்டுமே. ஆயுதக் கிளர்ச்சி காரணமாக அறிவித்தால் இல்லை. 1976 தீர்ப்பையும் 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு செல்லாது என்று சொல்லிவிட்டது.

அறிவிப்புக்கு மத்திய அமைச்சரவையின் எழுத்துப்பூர்வ முடிவு வேண்டும். ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒப்ப வேண்டும். பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்புதல் தேவை.

மதுரை வட்டாரத்தில் ஒருவரைச் சட்டவிரோதமாகப் பிடித்து வைத்தால், உறவினரோ நண்பரோ ஒத்தக்கடை அருகே உள்ள உயர் நீதிமன்றக் கிளையில் 226-வது பிரிவின்கீழ் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யலாம். எங்கே, எப்போது, யார் அழைத்துப் போனார்கள் என்பதை உடனே குறித்து வையுங்கள்; மனுவுக்கு அதுதான் முதுகெலும்பு.

மத்திய சட்ட அமைச்சகத்தின் இணையதளத்தில் அரசியலமைப்பு இலவசமாகக் கிடைக்கிறது. நெருக்கடி நிலை பற்றிய 352, 358, 359 பிரிவுகளைப் படியுங்கள். அந்தச் செய்தியைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.