நடக்கிறதுக்குக் காசா?

"அக்கா, நடக்கிறதுக்கு யாராவது காசு குடுப்பாங்களா?"

பாகு போய்விட்டு வந்து படங்களைப் போட்ட அன்று தம்பி கேட்ட முதல் கேள்வி இதுதான். அஜர்பைஜான் தலைநகரைச் சொல்கிறேன். (அம்மாவுக்கு அது கடைசிவரை 'பாக்கு'தான். "அப்படியே வெத்தலையும் வாங்கிட்டு வா" என்றாள்.) பழைய நகரத்தில் தொடங்கி வழிகாட்டியோடு நாலு மணி நேரம் நடை, வழியில் ஏழெட்டு இடத்தில் தீனி, கடைசியில் ஒயின். ஆளுக்கு ஆறாயிரத்துச் சொச்சம் ரூபாய். ஒரு மனாட் ஏறக்குறைய 50 ரூபாய் என்று வைத்துத் தம்பி கணக்குப் போட்டான். சாப்பிட்டதையெல்லாம் நாங்களே கடை கடையாகப் போய் வாங்கியிருந்தால் இரண்டாயிரத்தைத் தாண்டியிருக்காதாம். கணக்கில் தப்பில்லை. ஆனால் அந்த நாலாயிரம் வீணாகப் போகவில்லை என்பது என் கட்சி. கமென்ட்டில் சொல்லி முடியாது, அதனால் இந்தப் பதிவு.

விளம்பரத்தில் 'தெரு உணவு' என்றுதான் போட்டிருந்தார்கள். வழிகாட்டியாக வந்த பெண்ணுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். முதல் ஐந்து நிமிடத்திலேயே அந்த விளம்பரத்தைப் போட்டு உடைத்துவிட்டார். "எங்கள் ஊரில் தெருவில் நின்று சாப்பிடுவது என்றால் தோனர்தான் (நம்மூர் ஷவர்மா மாதிரி). மற்றதெல்லாம் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது. தெருவுக்கு வந்துவிட்ட வீட்டுச் சாப்பாட்டைத்தான் இன்று காட்டப் போகிறேன்." விற்கிற பொருளின் பெயரே தப்பு என்று விற்பவரே சொல்வதை நான் வேறெங்கும் கேட்டதில்லை. அங்கேயே எனக்குப் பாதிக் காசு வசூலாகிவிட்டது.

பழைய நகரத்தின் பெயர் இச்சேரிஷெஹர். உள்நகரம் என்று அர்த்தம். கோட்டைச் சுவர், கன்னிக் கோபுரம், அந்தப் பகுதியை ஆண்ட ஷிர்வான்ஷா மன்னர்களின் அரண்மனை என்று 2000ஆம் ஆண்டு யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய இடம். உள்ளே நுழைந்தால் வாசலுக்கு வாசல் கம்பளம் விரித்த உணவகங்கள். மெனு அட்டையோடு நின்று 'வெல்கம் இந்தியா' என்று கூப்பிடும் பையன்கள். அந்தப் பெண் ஒன்றிலும் நிற்கவில்லை. முல்தானி சத்திரத்துக்கு முன்னால் மட்டும் நின்றார். இன்று பாகிஸ்தானில் இருக்கும் முல்தானிலிருந்து வந்த வணிகர்கள் தங்கிய கல்கட்டிடம். நேர் எதிரே புகாரா சத்திரம். இரண்டும் இன்று உணவகங்கள். நகரத்துக்கு வெளியே சுரகானியில் இருக்கும் ஆதெஷ்கா என்ற நெருப்புக் கோயிலில் தேவநாகரியிலும் குர்முகியிலும் கல்வெட்டுகள் உண்டு. இந்திய வணிகர்கள் அந்த ஊரில் இருந்து சமைத்துச் சாப்பிட்டு, சாமி கும்பிட்டுப் போயிருக்கிறார்கள்.

இன்றைய இந்தியர்களாகிய நாங்கள் அதே கோயிலை முந்தின நாள்தான் பேக்கேஜ் டூரில் பார்த்தோம். பார்த்து முடித்ததும் பஸ்ஸில் ஏற்றி ஓர் இந்தியன் பஃபேயில் இறக்கினார்கள். தக்காளிக் கரைசலில் பனீர் மிதந்தது. இத்தனை தூரம் பறந்து போய் அதைச் சாப்பிடுகிற எரிச்சலில்தான், மறுநாள் நடைக்கு நானும் இவரும் அன்று இரவே பதிந்தோம்.

குதாப் பற்றி நிறையச் சொல்லவேண்டும். ஒரு சந்துக்குள் நாலு மேசை போட்ட கடை. ஒரு அம்மாள் மாவைக் கண்ணாடி மாதிரி தேய்க்கிறார். புளிக்காத மாவு. அதில் பொடியாக அரிந்த பசலை, கொத்தமல்லி, சோயிக்கீரை, வெங்காயத்தாள் எல்லாம் பரப்பி, பாதியாக மடித்து, கவிழ்த்துப் போட்ட இரும்புச் சட்டி மாதிரி இருக்கும் சாஜ் மேல் போடுகிறார். எண்ணெய் கிடையாது. எடுத்த பிறகு வெண்ணெய் தடவி, மேலே சுமாக் தூவுகிறார். சுமாக் என்பது ஒரு சிறு பழத்தைக் காயவைத்துப் பொடித்த சிவப்புப் புளிப்புத் தூள். தொட்டுக்கொள்ளத் தயிர். இவர் ஒரு வாய் வைத்துவிட்டு "கீரைப் போளி" என்றார். மடிப்பு, மெல்லிசு, கையில் ஒட்டும் வெண்ணெய் எல்லாம் போளிதான், இனிப்பு மட்டும் இல்லை. இறைச்சி வைத்ததும் உண்டு, பூசணிக்காய் வைத்ததும் உண்டு. சும்காயித் பக்கம் ஜொரத் என்ற ஊரில் ஒட்டகக் கறி வைத்தே செய்வார்களாம். அதை இவர் கூகுள் மேப்பில் தேட ஆரம்பித்ததும் போனைப் பிடுங்கிக்கொண்டேன்.

அடுத்தது ரொட்டி. அடுப்பைத் தந்திர் என்கிறார்கள், நம் தந்தூரின் அக்காதான். உள்சுவரில் ஒட்டி எடுத்த சூட்டில் கிழித்தால் ஆவி முகத்தில் அடிக்கிறது. ரொட்டியின் பெயர் 'சோரெக்'. சோறு, சோரெக் என்று எனக்குள் மணி அடித்தது உண்மைதான். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. தயவுசெய்து யாரும் கமென்ட்டில் குமரிக்கண்டத்தைக் கிளப்ப வேண்டாம். ஆனால் வேறொன்று ஒத்துப்போகிறது. தெருமுனையில் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கொக்கியில் பை தொங்கியது. உள்ளே காய்ந்த ரொட்டி. ரொட்டியைக் குப்பையில் போடமாட்டார்களாம், தனியே கட்டித் தொங்கவிடுவார்களாம். கீழே விழுந்தால் எடுத்து முத்தமிட்டு உயரமான இடத்தில் வைக்கவேண்டுமாம். சோற்றை மிதித்ததற்காகப் பாட்டியிடம் அடி வாங்கினவளுக்கு இதை விளக்கவே தேவையில்லை. அந்தப் பையைத் தனியாகப் போயிருந்தால் நான் பார்த்தேயிருக்க மாட்டேன். பார்த்தாலும் ஏதோ பை என்று தாண்டிப் போயிருப்பேன். தம்பி, காசு இதற்குத்தான்.

பிதி என்று ஒரு மண்பானைச் சாறு வந்தது. ஷெக்கி ஊர்ப் பண்டம். ஆட்டுக்கறி, கொண்டைக்கடலை, செஸ்ட்நட், மேலே ஒரு துண்டு வால்கொழுப்பு. முதலில் சாறை மட்டும் ஊற்றி ரொட்டி பிய்த்துப் போட்டுச் சாப்பிடவேண்டும். அப்புறம்தான் அடியில் இருப்பதைக் கொட்டி மசிக்கவேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கப் போன என் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். ருசியா? அந்த வால்கொழுப்பு எனக்கு ஆகவில்லை. அவ்வளவுதான்.

டீக்கு வருவோம். இடுப்புச் சிறுத்த கண்ணாடி டம்ளர், பெயர் அர்முது. பேரிக்காய் வடிவம், அதனால் அந்தப் பெயர். பால் கிடையாது. சர்க்கரையைக் கலக்கவும் மாட்டார்கள். கட்டியை டீயில் தொட்டு, ஒரு கடி கடித்து, மேலே ஒரு மிடறு. அந்தச் சர்க்கரைக் கட்டிக்குப் பெயர் 'கெந்த்'. நம் கற்கண்டில் இருக்கும் 'கண்டு'க்கு உறவு. ஷாக்கள் காலத்தில் விஷம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் இப்படித் தொட்டார்கள் என்று ஒரு கதை சொல்லிவிட்டு, "சுற்றுலாப் பயணிகளுக்குப் பிடிக்கும் கதை" என்று அவரே கண்ணடித்தார். பெண் கேட்டு வரும் வீட்டாருக்குச் சர்க்கரை போட்ட டீ வந்தால் சம்மதம் என்று பொருளாம். நம்மூரில் சொஜ்ஜி பஜ்ஜி தின்றுவிட்டு 'ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்' என்று கிளம்புகிறார்களே, அதற்கு இது எவ்வளவோ தேவலை.

டீயோடு சின்னக் கிண்ணங்களில் வெள்ளைச் செர்ரி, அத்தி, பச்சை அக்ரூட் எல்லாம் பாகில் ஊறி வந்தன. "இதற்கு என்ன பெயர்?" என்றேன். "முரப்பா" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் வண்டி கிளம்பும் நேரத்தில் ஏறி, "இஞ்சி மரப்பா, இஞ்சி மரப்பா" என்று மடியில் ஒரு பொட்டலத்தைப் போட்டுவிட்டுப் போவாரே, அதே சொல். அரபியில் பிறந்து, பாரசீகம் உருது என்று சுற்றி நம் பஸ்ஸில் ஏறியது ஒரு கிளை. காஸ்பியன் கரையில் டீயோடு உட்கார்ந்தது இன்னொரு கிளை. பஸ்ஸில் மரப்பா விற்பதை அவருக்கு நடித்தே காட்டினேன். கூட வந்த போலந்துத் தம்பதி கைதட்டினார்கள். வழிகாட்டி நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த குழுவிடம் சொல்வார் என்று நினைக்கிறேன்.

எல்லாம் இனிப்பாகவே போகவில்லை. திராட்சை இலையில் கறி வைத்துச் சுருட்டிய தோல்மா வந்தபோது, இது ஆர்மீனியாவிலும் உண்டுதானே என்று போலந்துக்காரர் கேட்டார். வழிகாட்டியின் முகம் இறுகிவிட்டது. இரண்டும் கராபாக் என்ற மலைப்பகுதிக்காகப் போரிட்ட பக்கத்து நாடுகள். தோல்மா எங்கள் பெயரில் 2017இல் யுனெஸ்கோவில் பதிவானது என்றார். லவாஷ் ரொட்டியை 2014இல் ஆர்மீனியா பதிந்ததும், 2016இல் அஜர்பைஜான், ஈரான், துருக்கி உட்பட ஐந்து நாடுகள் சேர்ந்து தட்டை ரொட்டிகளைப் பதிந்ததும் அதே சண்டையின் பக்கங்கள்தான். ரசகுல்லாவுக்கு வங்காளம் 2017இல் புவிசார் குறியீடு வாங்க, ஒடிசா 2019இல் தனியாக ஒன்று வாங்கிய கதை தெரிந்த நமக்கு இது புதிதல்ல. ஆனால் ரசகுல்லாவுக்காக யாரும் ஊரைவிட்டு ஓடவில்லை. நீரூற்றுச் சதுக்கத்துக்குப் பக்கத்தில் பூட்டிய தேவாலயம் ஒன்றைக் கடந்தோம். "என்ன இது?" என்றேன். "பழைய தேவாலயம்" என்று நடையைக் கூட்டினார். இரவு அறைக்கு வந்து பார்த்தால் அது ஆர்மீனியத் தேவாலயம். 1990 ஜனவரி வன்முறையோடு பாகுவின் ஆர்மீனியர்கள் அநேகமாக எல்லோரும் போய்விட்டார்கள். அந்தப் பக்கம் ஆர்மீனியாவிலிருந்தும் கராபாக்கிலிருந்தும் விரட்டப்பட்ட அஜர்பைஜானியர்களும் லட்சக்கணக்கில். அந்தப் பெண்ணின் வீட்டில் யார் எங்கிருந்து வந்தார்களோ. நான் கேட்கவில்லை.

ஒயின் கடைசியில். ஷியா முஸ்லிம்கள் அதிகமுள்ள நாட்டில் ஒயினா என்று கேட்காதீர்கள், எழுபது வருடச் சோவியத் ஆட்சி விட்டுப்போன வழக்கம் அது. அதற்கு வெகு முன்பே திராட்சை உண்டு. நாங்கள் குடித்தது மத்ரசா என்ற உள்ளூர்த் திராட்சையின் சிவப்பு ஒயின். ஷமாகி பக்கம் ஓர் ஊரின் பெயர் அது. பெயரைக் கேட்டு எல்லோரும் ஒரு நிமிடம் முழித்தோம். மேற்கே கோய்கோல் என்ற ஊரை 1819இல் ஹெலனன்டோர்ஃப் என்ற பெயரில் நிறுவியவர்கள் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள். ஒயின் தொழிலைப் பெரிதாக்கியவர்களும் அவர்களே. 1941இல் ஸ்டாலின் அவர்களைக் கூண்டோடு கஜகஸ்தான் பக்கம் அனுப்பிவிட்டார். கொடிகள் மட்டும் நின்றன. 1985இல் கோர்பசேவின் மதுவிலக்கு இயக்கம் வந்தது. அந்தக் கொடிகளிலும் நிறையப் போயின.

வழிகாட்டியின் தாத்தா அரசுத் திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்த்தவராம். கொடிகளை வெட்டச் சொன்ன அன்று உடம்பு சரியில்லை என்று போகாமல் இருந்துவிட்டாராம். மறுநாள் போயிருக்கிறார். மறுநாளும் வெட்டிக்கொண்டுதான் இருந்தார்களாம்.

அக்தாம் என்ற மலிவு ஒயின் சோவியத் முழுக்கப் பிரபலம். அந்த அக்தாம் ஊரில் 1983இல் ரொட்டிக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். 1990களின் கராபாக் போரில் அதுவும் போயிற்று, ஊரும் போயிற்று. இதைச் சொல்லும்போது அவர் கையில் கோப்பை இல்லை. வழிகாட்டும்போது குடிப்பதில்லையாம்.

குறைகளும் உண்டு. ஒயின் வரும்போது வயிறு தொண்டைவரை நிறைந்திருந்தது. அதை நடுவில் வைத்திருக்கலாம். மாதுளை ஒயின் என்று ஒன்றை எல்லோர் தலையிலும் கட்டினார்கள், இருமல் மருந்துக்கு அண்ணன். முடிவில் ஒரு குங்குமப்பூக் கடையில் இருபது நிமிடம் நிற்கவைத்தார்கள். அது எதற்கென்று எனக்கும் தெரியும், வழிகாட்டிக்கும் தெரியும். இருவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

என் அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். மீன் வந்தபோது பக்கத்தில் கருஞ்சிவப்பாக ஒரு கிண்ணம். பெயர் நர்ஷராப் என்றார்கள். நர் என்றால் மாதுளை, ஷராப் இந்தியில் மதுவுக்குத் தெரிந்த சொல். எடுத்து ஒரே மடக்காகக் குடித்துவிட்டேன். மாதுளைச் சாற்றைச் சுண்டக் காய்ச்சிய தொட்டுக்கை அது. புளிக்கரைசலைக் குடித்த மாதிரி கண்ணில் நீர் வந்துவிட்டது. போலந்துக்காரர் அதைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார், போடமாட்டேன்.

தம்பிக்கு அந்த நர்ஷராபில் ஒரு பாட்டில் வாங்கிவந்தேன். பாகு ஒயின் என்று மட்டும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சனிக்கிழமை நண்பர்களோடு திறக்கப்போகிறானாம். இந்தப் பதிவை இதுவரை படித்திருந்தால் தப்பித்தான். மூன்று பத்திக்கு மேல் அவன் படித்ததாகச் சரித்திரம் இல்லை.