சாம்பலும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்தால் கிரானைட்டா?

"அனல்மின் நிலையச் சாம்பலைக் காஸ்டிக் சோடா நீரில் குழைத்து ஒரு நாள் வெயிலில் காயவைத்தால் கிரானைட்டை மிஞ்சும் கல் கிடைக்கும், கார்பன் வெளியீடே கிடையாது" என்ற பதிவு பலமாகச் சுற்றுகிறது. அதில் உண்மை பாதிதான்.

இந்தக் கல் காய்ந்து இறுகுவதில்லை. சாம்பலின் சிலிக்காவும் அலுமினாவும் காஸ்டிக் சோடாவின் காரத்தில் கரைந்து, மறுபடி பிணைந்து இறுகுகின்றன. அதற்கு ஈரம் உள்ளேயே நிற்க வேண்டும். திறந்த வெயிலில் வைத்தால் மேற்பரப்பு சுருங்கி மயிரிழை விரிசல் விழும். சுண்ணாம்பு குறைந்த சாம்பலுக்கு வழக்கமான முறை: லிட்டருக்கு சுமார் 400 கிராம் காஸ்டிக் சோடா கொண்ட கரைசல், எடையில் அந்தக் கரைசலைப்போல 2.5 மடங்கு சோடியம் சிலிக்கேட் (நீர்க்கண்ணாடி எனப்படும் கெட்டித் திரவம்). 100 கிலோ சாம்பலுக்கு இரண்டும் சேர்ந்த திரவம் 35 முதல் 40 கிலோ. பிளாஸ்டிக் தாளால் மூடி 60–80 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம். காஸ்டிக் சோடாவை நீரில் கரைக்கும்போது கரைசல் கொதிக்கக் கொதிக்கச் சூடேறும். ஆறவிட்டே கலக்க வேண்டும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, ஹைட்ரஜன் கிளம்பும். காரம் மிஞ்சினால் பிறகு வெள்ளை உப்புப் பூக்கும்.

வலிமை? பெரும்பாலும் 30–60 மெகாபாஸ்கல் (கல் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதன் அலகு). கிரானைட் சாதாரணமாகவே 100-ஐத் தாண்டும். கார்பன் கணக்கிலும் சோடாவையும் சிலிக்கேட்டையும் தயாரிக்கும் ஆற்றலைச் சேர்க்க வேண்டும். குறைவு என்று சொல்லலாம், பூஜ்யம் என்று சொல்ல முடியாது.