ரொறன்ரோவில் மைனஸ் 40? வட்ஸ்அப்பில் வந்தது பொய்

"வார இறுதியில் கனடா முழுக்க மைனஸ் 40, ரொறன்ரோவில் ஒருத்தரும் வெளியே போக ஏலாது" என்று ஒரு குரல்பதிவு யாழ்ப்பாணத்துக் குடும்பக் குழுக்களில் சுற்றுகிறது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் என் பெரியம்மா அதை மூன்று தரம் கேட்டுவிட்டு, ரொறன்ரோவில் நடுச்சாமம் என்பதையும் மறந்து அங்கே இருக்கும் மகனை எழுப்பிவிட்டார்.

கனடாவுக்கு ஒரே வானிலை கிடையாது. ஆறு நேர வலயங்கள் உள்ள நாடு அது. நவம்பர் கடைசியில் வன்கூவரில் மழை பெய்யும், வினிப்பெக்கில் பனி கிடக்கும், ரொறன்ரோவில் பகல் பெரும்பாலும் பூச்சியத்துக்குச் சற்று மேலே. அந்த நகரில் பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலையே மைனஸ் 32.8 பாகை. அதுவும் 1859 ஜனவரியில்!

சிலர் காற்றுக் குளிர் எண்ணையும் வெப்பநிலை என்று நினைத்துவிடுகிறார்கள். மைனஸ் 10 பாகையில் மணிக்கு 30 கிலோமீற்றர் காற்று வீசினால் தோலுக்கு அது மைனஸ் 20 போல இருக்கும். வெப்பமானி மைனஸ் 10தான் காட்டும்.

சரி, கவனிக்க வேண்டியது எது? ஏரிப் பனி. ரொறன்ரோவைச் சுற்றியுள்ள பேரேரிகள் நவம்பரில் உறைந்திருக்காது. அவற்றின் மேலாக வீசும் குளிர்காற்று ஈரத்தை அள்ளி, கரையில் ஒடுங்கிய பட்டையாகப் பனியைக் கொட்டும். ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள பாரி நகரில் முழங்காலளவு பனி, ரொறன்ரோவில் காய்ந்த தெரு என்றும் நடக்கும். ஆகவே எதிர்வுகூறலில் உறவினர் இருக்கும் ஊரின் பெயரைப் பாருங்கள்.