கேட்டேன், இல்லை என்றீர்கள்

அந்த சூப் வீடியோவைப் பற்றித்தான். நான் வீகன், அதாவது பால், வெண்ணெய் உட்பட விலங்கிடமிருந்து வரும் எதையும் சாப்பிடாதவள். வெண்ணெய் இல்லை என்று பொய் சொல்லி எனக்கு சூப் கொடுத்துவிட்டு எடுத்த வீடியோ அது. எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஆரம்பித்து, யார் யாருக்கோ போய், கடைசியில் என் அலுவலகத்தில் ஒரு பெண் அதை என்னிடமே காட்டி, "இது நீங்களா அக்கா?" என்று கேட்டாள். நான்தான். இரண்டாவது கிண்ணத்தை வாங்கிக்கொண்டு சிரித்தபடி நிற்பதும் நான்தான், கொஞ்ச நேரத்தில் முகம் மாறிப் படியிறங்கிப் போவதும் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த வீடியோவுக்குக் கீழே ஒருவர், "ஒரு ஸ்பூன் வெண்ணெய்க்கு இவ்வளவு அழுகையா?" என்று எழுத, நாற்பது பேர் சிரிப்பு பொம்மை போட்டிருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் வீட்டில் நான் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

வீடியோவில் முதல் பாதி இல்லை. அதைச் சொல்லிவிடுகிறேன். மாதம் ஒருமுறை ஆளுக்கொரு பாத்திரம் சமைத்துக்கொண்டு வந்து மொட்டை மாடியில் சேர்ந்து சாப்பிடுவது எங்கள் வழக்கம். அன்றைக்கு நான் கொண்டைக்கடலை செய்து எடுத்துப் போயிருந்தேன். என் பாத்திரத்தைத் திறந்து வைத்துவிட்டு, எப்போதும் போல மற்றவர்களிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனேன். காளான் சூப் வைத்திருந்தவரிடமும் கேட்டேன்: "இதில் பால், வெண்ணெய், க்ரீம் ஏதாவது போட்டிருக்கிறீர்களா?" அவர் சொன்ன பதில் எனக்கு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. "ஒன்றுமே இல்லைம்மா. உனக்காகவேதான் செய்தேன். தைரியமாகக் குடி."

உனக்காகவே. அந்தச் சொல்லில்தான் நான் இளகிப்போனேன். பசிக்காக அல்ல, அந்தச் சொல்லுக்காகத்தான் இரண்டாவது கிண்ணம் வாங்கினேன். "நாலு கரண்டி வெண்ணெய், ஒரு டப்பா க்ரீம், ஒன்றும் ஆகவில்லையே, இனிமேல் ஒழுங்காகச் சாப்பிடு" என்று அவர் சொன்னபோது அலைபேசி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்தது என்றால், இது நடக்கப் போகிறது என்று முன்பே சிலருக்குத் தெரிந்திருக்கிறது. நான் கிண்ணத்தை நீட்டியபோது அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

என் பிரச்சினை வெண்ணெய் இல்லை. நான் கேட்டேன், நீங்கள் இல்லை என்றீர்கள். அவ்வளவுதான் விஷயம். "வெண்ணெய் போட்டிருக்கிறேன்" என்று சொல்லியிருந்தால், "பரவாயில்லை அண்ணி, நான் கடலை சாப்பிட்டுக்கொள்கிறேன்" என்று நகர்ந்திருப்பேன். இத்தனை வருடமாக அப்படித்தான் நகர்ந்திருக்கிறேன். எனக்காகத் தனியாகச் சமையுங்கள் என்று யாரிடமாவது ஒருநாள் கேட்டிருக்கிறேனா? நான் கேட்பதெல்லாம் இதில் என்ன இருக்கிறது என்ற ஒரே கேள்வி. அதற்கு உண்மையான பதில். சமைத்தவருக்கு அது ஒரு வரி வேலை.

"ஒன்றும் ஆகவில்லையே" என்கிறீர்கள். சரி, எனக்கு ஆகவில்லை. பால் ஒவ்வாமை உள்ள ஒருவருக்கு ஆகியிருக்கும். உணவு ஒவ்வாமைகளில் மிகப் பரவலானவற்றில் பால் ஒன்று. சிலருக்கு மிகக் கொஞ்சமே உள்ளே போனாலும் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும், சில நிமிடங்களில் ஊசி போடாவிட்டால் உயிர் போகலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 வகை ஒவ்வாமைப் பொருள்களை வாடிக்கையாளருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்ற விதி 2014 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அந்த 14-இல் பாலும் உண்டு. முன்பின் தெரியாத ஆளுக்குச் சமைத்துப் போடும் உணவகமே சொல்லியாக வேண்டும் என்கிறது சட்டம். பெயர் சொல்லிக் கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரருக்கு அதைவிடக் குறைவான கடமையா?

உடனே ஒருவர் சொல்வார், அது நோய், உன்னுடையது விருப்பம் என்று. விருப்பம் என்றால் ஏமாற்றலாமா? நோன்பு இருப்பவரிடம் பொய் சொல்லி ஊட்டிவிட்டுச் சிரிப்பீர்களா? குடியை விட்ட மனிதரிடம் பழச்சாறு என்று சொல்லி மதுவைக் கொடுத்து, "பார், ஒன்றும் ஆகவில்லை" என்பீர்களா? மாட்டீர்கள். அவர்களுடையது உறுதி, என்னுடையது மட்டும் அலட்டல். நான் அழுததற்குக் காரணம் அதுதான்.

அப்புறம் இன்னொரு குற்றச்சாட்டு. வீகன்கள் எல்லோரும் எப்போதும் பிரசங்கம் செய்வார்களாம். யாரோ எங்கோ செய்திருக்கலாம். அடுத்தவர் தட்டைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன், எனக்கும் பிடிக்காது. ஆனால் அந்த மாடியில் என்னிடமிருந்து பிரசங்கம் கேட்டவர் ஒருவர் கைதூக்குங்கள். நீங்கள் கறி சாப்பிடும்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். உங்கள் பிள்ளைகளுக்குப் பரிமாறியிருக்கிறேன். வாயைத் திறக்காமல் இருந்தேன் என்பதால்தான் என்னைச் சீண்டுவது சுலபமாக இருந்ததோ என்று இப்போது தோன்றுகிறது.

ஏன் இப்படிச் சாப்பிடுகிறேன் என்று நீங்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். நான் கணக்குத் தணிக்கை வேலை பார்க்கிறவள். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு பால் பண்ணைக்கு இருப்புக் கணக்குப் பார்க்கப் போனேன். பதிவேட்டில் பெண் கன்றுகளுக்கு எண், எடை, பிறந்த தேதி, தாயின் எண் எல்லாம் வரிசையாக இருந்தன. ஆண் கன்றுகளுக்கு ஒரே ஒரு கட்டம். அதில் "வெளியே" என்று எழுதியிருந்தது. வெளியே என்றால் என்ன என்று பண்ணைக்காரரிடம் கேட்டேன், கணக்குக்காகத்தான் கேட்டேன். அவர் நல்ல மனிதர், மழுப்பவில்லை. பசு ஒன்பது மாதம் சுமந்து ஈன்றால்தான் பால், பாலுக்காக மறுபடி மறுபடி சினைப்படுத்த வேண்டும், பிறப்பதில் ஏறக்குறைய பாதி ஆண், ஆணுக்குப் பால் கிடையாது, அதனால் இறைச்சிக்கு விற்றுவிடுவோம் என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே பின்பக்கக் கொட்டகையிலிருந்து ஒரு பசு விடாமல் கத்திக்கொண்டிருந்தது. முந்தின நாள் கன்றைப் பிரித்திருக்கிறார்கள். நாலைந்து நாள் கத்தும், அப்புறம் சரியாகிவிடும் என்றார்.

அன்றைக்குக் கொடுத்த தேநீரை என்னால் குடிக்க முடியவில்லை. அன்றிலிருந்து முடியவில்லை, அவ்வளவுதான். கறி சாப்பிடுவதை அதற்கு முன்பே விட்டிருந்தேன், பால் மட்டும் ஒரு பாவமும் இல்லாதது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வெண்ணெயில் எனக்குத் தெரிவது அந்தக் கட்டம். உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரிகிறது.

"செடிக்கும் உயிர் இருக்கிறதே" என்று கேட்பவர்களுக்கு ஒன்றே ஒன்று. மாடும் கோழியும் செடியைத் தின்றுதான் வளர்கின்றன. அவற்றின் வழியாகச் சாப்பிடும்போது செடிகள் இன்னும் அதிகமாகத்தான் போகின்றன. 119 நாடுகளிலிருந்து பண்ணைத் தரவுகளைத் திரட்டி 2018-இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. உலகம் விலங்குப் பொருள்களே இல்லாத உணவுக்கு மாறினால் உணவுக்காகப் பயன்படும் நிலம் ஏறக்குறைய 76 சதவீதம் குறையும் என்று அதில் கணக்கிட்டிருந்தார்கள். செடிகள் மேல் அக்கறை இருந்தால் அந்தக் கணக்கைப் பாருங்கள்.

சத்து கிடைக்காது என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. பி12 என்ற வைட்டமின் மட்டும் தாவர உணவிலிருந்து நம்பகமாகக் கிடைக்காது, உண்மைதான். அதை உண்டாக்குவது பாக்டீரியா. நான் மாத்திரை போட்டுக்கொள்கிறேன், வருடம் ஒருமுறை இரத்தம் சோதிக்கிறேன். வீகன் என்ற சொல்லையே உலகத்துக்குக் கொடுத்த டொனால்ட் வாட்சன் 95 வயது வரை இருந்தார்.

அவர் பெயரை எடுத்ததால் ஒன்று சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த மூன்று நாளாக அவரைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். 1944-இல் இங்கிலாந்தில் சைவ உணவுக்காரர்களின் சங்கத்துக்குள்ளேயே சிலர், பாலும் வேண்டாம் என்பவர்களுக்காகச் சங்கத்தின் இதழில் கொஞ்சம் இடம் கொடுங்கள் என்று கேட்டார்கள். கேட்டது சில பக்கங்கள்தான். முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதன் பிறகுதான் அந்த நவம்பரில் வாட்சனும் சிலரும் தனிச் சங்கம் ஆரம்பித்தார்கள். அவர் பள்ளியில் தச்சுவேலை சொல்லிக்கொடுத்தவர். வெஜிடேரியன் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்தையும் கடைசி இரண்டு எழுத்தையும் சேர்த்து வீகன் என்று பெயர் வைத்தார்கள். தமிழில் நனிசைவம் என்கிறோம். இது நேற்று முளைத்த நாகரிகம் என்று பேசுகிறவர்களுக்கு இன்னொரு பெயரும் சொல்கிறேன். 1057-இல் இறந்த அரபுக் கவிஞர் அல்-மஅரி பாலும் முட்டையும் தேனும் கூட வேண்டாம் என்றவர். ஆனால் என் மனதில் நிற்பது அந்தச் சில பக்கங்கள். தங்கள் ஆட்கள் என்று நினைத்தவர்களிடம்தான் அவர்கள் இடம் கேட்டார்கள்.

விலை பற்றிச் சொல்கிறவர்கள் சொல்வது மட்டும் எனக்குப் பாதி நியாயமாகப் படுகிறது. தாவரப் பாலும், இறைச்சி மாதிரி செய்த பண்டங்களும் எல்லோராலும் வாங்க முடிகிற பொருள்கள் இல்லை. நானும் வாங்குவதில்லை. பருப்பும் பயறும் காய்கறியும்தான் என் சமையல். ஆனால் என்னிடம் பொய் சொன்னவர்கள் விலை கட்டுப்படியாகாமல் சொன்னார்களா?

இந்த நகரத்துக்கு நான் வந்தபோது ஒருவரையும் தெரியாது. பெரிய நகரத்தில் தனியாக இருந்தவர்களுக்கு இது புரியும். வெள்ளிக்கிழமை மாலை கதவைச் சாத்தினால் திங்கட்கிழமை காலை வரை ஒரு குரல் கேட்காது. முதல் வருடம் எனக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. எதிர்வீட்டில் ஒரு வயதான அம்மா இருந்தார். அதுவரை லிஃப்டில் பார்த்துத் தலையசைத்ததோடு சரி. மூன்றாம் நாள் கதவைத் தட்டினார். "செருப்பு மூன்று நாளாக அதே இடத்தில் கிடக்கிறதே" என்றார். உள்ளே வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்ன சாப்பிடுவாய்?" என்று கேட்கவில்லை. "என்னென்ன சாப்பிட மாட்டாய், சொல்லு" என்று கேட்டார். சொன்னேன். தேன் என்றபோது மட்டும் "தேனுமா?" என்று நிறுத்திக் கேட்டார். மறுநாள் அவர் வீட்டுக்குப் போனபோது, சமையலறைச் சுவரில் ஒரு தாளில் நான் சொன்னதெல்லாம் எழுதி ஒட்டியிருந்தது. நடுங்கிய கையெழுத்து. கடைசி வரி: தேனும்.

அவர் வீட்டில் தினமும் மீன். என் கொள்கை அவருக்குக் கடைசி வரை புரியவில்லை, "உனக்கு ஏன் இந்தக் கஷ்டம்" என்றுதான் சொல்வார். ஆனால் எனக்கென்று ஒரு சட்டியும் ஒரு கரண்டியும் தனியாக வைத்திருந்தார். ஒருமுறை நான் பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஓடிவந்து தட்டைப் பிடுங்கினார். தாளிக்கும்போது கை மறந்து வெண்ணெயைப் போட்டுவிட்டாராம். சொல்லாமல் இருந்திருக்கலாம், எனக்குத் தெரிந்திருக்காது. அவர் கண் கலங்கிவிட்டது. நான்தான் அவரைச் சமாதானப்படுத்தினேன்.

வெண்ணெய்தான் அதுவும். அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு ஸ்பூனுக்கு அழுகிறாள் என்று எழுதியவர் இதைப் படிக்க வேண்டும்.

அந்த மாடிச் சாப்பாட்டை ஆரம்பித்ததே அந்த அம்மாதான் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது, நீங்கள் அப்புறம் வந்தவர்கள். தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிறவர்கள் மாதத்தில் ஒரு நாளாவது சேர்ந்து உட்காரட்டும் என்று நான்கு வீட்டில் சொல்லி ஆரம்பித்தார். பாத்திரத்துக்குப் பக்கத்தில் துண்டுச்சீட்டில் என்னென்ன போட்டது என்று எழுதி வைப்பார். யாருக்கும் அவர் பாடம் எடுக்கவில்லை. அவர் தன் மகள் வீட்டோடு போய்விட்ட பிறகு சீட்டு எழுதுகிற பழக்கம் நின்றுவிட்டது. நானும் அதை வற்புறுத்தவில்லை. எழுதி வையுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டுமோ என்னவோ. சமைத்தவர்கள் எதிரிலேயே இருந்தார்கள், வாயால் கேட்டால் போதும் என்று நினைத்துவிட்டேன்.

"விளையாட்டுக்குச் செய்தது, இதற்காகக் குடியிருப்பைப் பிரிக்காதே" என்று நேற்று ஒருவர் பெரிய செய்தி அனுப்பியிருக்கிறார். பிரித்தது நானா? நான் கேட்டேன். நீங்கள் இல்லை என்றீர்கள். இனிமேல் உங்களில் யார் எதை நீட்டினாலும் வாங்கும்போது என் கை ஒரு நொடி நிற்கும். தண்ணீராக இருந்தாலும் நிற்கும். அந்த ஒரு நொடியை உண்டாக்கியது நான் இல்லை.

சூப் செய்தவர் இதுவரை என்னிடம் பேசவில்லை. பேசினால் கேட்பேன். வீடியோ எடுத்த தம்பி அதை அழித்துவிட்டேன் என்று சொன்னான், சின்னப் பையன், அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அடுத்த மாதம் வருவேனா என்று கேட்கிறார்கள். தெரியவில்லை. வந்தால் சீட்டும் பேனாவும் கொண்டுவருவேன், என் பாத்திரத்துக்கு நான் எழுதுவேன்.

அப்புறம், அன்றைக்கு அப்படியே இறங்கி வந்துவிட்டதில் கடலைப் பாத்திரம் மேலேயே இருந்துவிட்டது. நீல மூடி போட்டது. அந்த அம்மா போகும்போது எனக்குக் கொடுத்துவிட்டுப் போன சட்டி அது. எடுத்து வைத்திருப்பவர்கள் கழுவக்கூட வேண்டாம், காவலாளி மேசையில் வைத்துவிடுங்கள். நான் வேலை முடிந்து வரும்போது எடுத்துக்கொள்கிறேன்.