மேனுவல் ஃபோகஸ் லென்ஸ் வாங்கலாமான்னு கேக்கறவங்களுக்கு

இன்பாக்ஸ்ல மாசத்துக்கு ரெண்டு பேராவது இதைக் கேட்டுடறாங்க. "அண்ணே, கேமராவோட வர்ற கிட் லென்ஸ் போதல, கேமரா கம்பெனியோட ஜூம் இல்லாத ப்ரைம் லென்ஸ் விலைக்கு நமக்கு கட்டுப்படியாகாது, இந்த செவன் ஆர்ட்டிசன்ஸ், டிடி ஆர்ட்டிசன் மாதிரி கம்பெனிங்களோட, கையால திருப்பி ஃபோகஸ் பண்ற மேனுவல் லென்ஸ் வாங்கலாமா, ஆட்டோ ஃபோகஸ் இல்லாம எப்படி எடுக்கறது"ன்னு. வாங்குங்க. காசு மிச்சம்ங்கறதுக்காக மட்டும் சொல்லல.

உள்ள கண்ணாடி இருக்கற டிஎஸ்எல்ஆர் கேமரா வச்சிருந்தப்ப ஒரு பழைய மேனுவல் லென்ஸ மாட்டி ரொம்ப கஷ்டப்பட்டேன். வியூஃபைண்டர்ல பாத்தா எல்லாமே ஷார்ப்பா தெரியும், வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல போட்டா கண்ணு அவுட்டாகி காது ஷார்ப்பா இருக்கும். அந்த ஸ்கிரீன் ஆட்டோ ஃபோகஸுக்குன்னு செஞ்சது, பழைய ஃபிலிம் கேமரால இருந்த, ஃபோகஸ் தப்புனா படம் ரெண்டா பிரிஞ்சு தெரியற ஸ்பிளிட் ஸ்கிரீன் அதுல கிடையாது. கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரால அந்தப் பிரச்சனையே இல்ல, சென்சார் பாக்கறதத்தான் நாமளும் பாக்கறோம், பட்டன அமுக்குனா அந்த இடத்தை பெருசாக்கி கண் இமை வரைக்கும் காட்டுது. ஃபோகஸ் ஆன இடத்த கலர்ல காட்டற ஃபோகஸ் பீக்கிங்க மட்டும் முழுசா நம்பாதீங்க, அது கான்ட்ராஸ்ட் இருக்கற ஓரத்துக்கெல்லாம் கலர் பூசும், லென்ஸ் வாய் பெருசா தொறக்கற எஃப் 1.4ல முகம் முழுக்க சிவப்பா தெரியும் ஆனா ஷார்ப்பா இருக்கறது மூக்கு மட்டும் தான். பீக்கிங்ல தோராயமா புடிச்சு, பெருசாக்கி உறுதி பண்ணிட்டு எடுங்க.

இன்னொன்னு, மிரர்லெஸ்ல கண்ணாடி போனதால லென்ஸ் மாட்டற மவுண்டுக்கும் சென்சாருக்கும் இருக்கற தூரமும் குறைஞ்சிடுச்சு. நிக்கான் எஃப் மவுண்ட்ல 46.5 மிமீ, சோனி இ மவுண்ட்ல வெறும் 18 மிமீ. அந்த இடைவெளில தான் வேற மவுண்ட் லென்ஸ மாட்டற அடாப்டர் உக்காருது, அதனால தான் சோவியத் காலத்து ஹீலியோஸ் லென்ஸ் கூட இன்னைக்கு கேமரால வேலை செய்யுது.

மேனுவல் லென்ஸோட அருமை எனக்குப் புரிஞ்ச இடம் சென்னை காசிமேடு மீன்பிடி துறைமுகம். விடியற்காலைல படகு வந்து ஏலம் நடக்கற நேரம், குறுக்க நெடுக்க ஆளுங்க, ஆட்டோ ஃபோகஸ் முன்னாடி போற கூடைய புடிக்கும், நான் பாக்கற அம்மாவ விட்டுடும். அப்புறம் ஒரு நாள் 35 மிமீ மேனுவல் லென்ஸ வாய் சுருக்கி எஃப் 8ல வச்சு, தூரத்த 3 மீட்டர்ல நிறுத்திட்டு ஃபோகஸ் ரிங்க தொடவே இல்ல. சின்ன சைஸ் க்ராப் சென்சார்ல சுமார் 2 மீட்டர்லேர்ந்து 5 மீட்டர் வரைக்கும் நல்லாவே ஷார்ப்பா வந்துடும். அப்புறம் என் வேலை அந்தத் தூரத்துக்குப் போய் நிக்கறது, முகத்தப் பாக்கறது, அவ்வளவுதான். அன்னைக்கு எடுத்ததுல ஒரு படம், ஐஸ் உடைக்கற பெரியவர் நிமிந்து பாக்கறது, இன்னைக்கும் வீட்டு ஹால்ல மாட்டி வச்சிருக்கேன்.

எல்லாத்துக்கும் இது ஆகுமான்னா ஆகாது. அக்கா பொண்ணு பொறந்தநாளுக்கு இதை மட்டும் எடுத்துட்டுப் போய் அவ ஓடிவந்து கேக் வெட்டுன நிமிஷத்த கோட்டை விட்டுட்டேன், அந்த வருத்தம் இன்னும் இருக்கு. கல்யாண ஆர்டர் எடுக்கறவங்க, ஓடற குழந்தைங்கள எடுக்கறவங்க ஆட்டோ ஃபோகஸ் லென்ஸுக்கே காசு சேருங்க. இந்த லென்ஸ்கள முழுசா தொறந்து வச்சா ஓரம் கொஞ்சம் சாஃப்டா இருக்கும், எதிர் வெளிச்சத்துல வெளிச்சக் கறை மாதிரி ஃப்ளேர் அடிக்கும், எஃப் 2.8க்கு மேல சுருக்குனா நிறைய லென்ஸ் தெளிஞ்சுடும்.

வாங்குன உடனே மெனுல "ரிலீஸ் வித்தவுட் லென்ஸ்" ஆன் பண்ணிடுங்க, எலக்ட்ரானிக் கான்டாக்ட் இல்லாததால சில கேமரால அது இல்லன்னா ஷட்டரே விழாது, லென்ஸ் கெட்டுப்போச்சுன்னு பயந்து திருப்பி அனுப்புனவங்க உண்டு. கேமரா பாடில கை ஆட்டத்த குறைக்கற ஸ்டெபிலைசேஷன் இருந்தா 35, 50ன்னு லென்ஸோட ஃபோக்கல் லெங்த்த மெனுல நாமளே குடுக்கணும். ரிட்டர்ன் தேதி முடியறதுக்குள்ள ராத்திரி மொட்டை மாடிக்குப் போய் நிலாவ ஒரு தடவை ஃபோகஸ் பண்ணிப் பாருங்க, ரொம்ப தூரத்து ஃபோகஸ், அதாவது இன்ஃபினிட்டி, சரியா வருதான்னு அதுலயே தெரிஞ்சுடும்.