சைபர் புகாரை முதலில் கையில் வாங்குபவர்

சேலம் கோர்ட்டில் வக்கீலாக இருப்பதால் சைபர் கிரைம் புகாரோடு அலைபவர்கள் பலர் என்னிடம் வருகிறார்கள். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரம் செய்பவர், ஏற்காட்டில் ரூம் புக் செய்வதாக நினைத்துப் போலிப் பக்கத்துக்கு அட்வான்ஸ் அனுப்பியவர், மகளின் படத்தை யாரோ மாற்றிப் பரப்புகிறார்கள் என்று சொல்ல வாய் வராமல் உட்கார்ந்திருக்கும் அப்பா. எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது, எப்போது நடந்தது, எப்போது புகார் பதிவானது என்பதைத்தான். அந்த இடைவெளியிலேயே வழக்கு பாதி போயிருக்கும். இதற்கு மக்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஸ்டேஷனில் முதலில் புகாரை வாங்கும் போலீஸ்காரருக்கு, வாங்கியவுடன் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் ஒழுங்காகச் சொல்லித்தரவில்லை. என் கோபமெல்லாம் அங்கேதான்.

பணம் போன வழக்கைப் பாருங்கள். ஏமாற்றியவன் தன் சொந்தக் கணக்குக்குப் பணம் வாங்குவதில்லை. கமிஷனுக்கு ஆசைப்பட்டுப் பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்த யாரோ ஒருவரின் கணக்குக்குத்தான் அது போகிறது. அங்கிருந்து சில நிமிடங்களில் வேறு பல கணக்குகளுக்குப் பிரிந்து, ரொக்கமாகவோ கிரிப்டோவாகவோ வெளியேறிவிடுகிறது. சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் போன் செய்தால், பரிவர்த்தனை எண்ணை வைத்து, பணம் அப்போது எந்த வங்கியில் நிற்கிறதோ அங்கேயே அந்தத் தொகையை நிறுத்தச் சொல்வார்கள். 2021-ல் மத்திய உள்துறை கொண்டுவந்த இந்த ஏற்பாடு உண்மையிலேயே பல பேருடைய பணத்தைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் பணம் அங்கே நின்றால்தானே நிறுத்த முடியும்? நிலைமை இப்படி இருக்க, "பேங்க் ஸ்டேட்மென்ட் எடுத்துட்டு நாளைக்கு வாங்க" என்று ஒருவரை வாசலிலிருந்து திருப்பி அனுப்பினால் என்ன அர்த்தம்? யுபிஐ ஆப்பிலேயே 12 இலக்கப் பரிவர்த்தனை எண் இருக்கிறது. அவரை உட்காரவைத்து அந்த நிமிடமே 1930-ஐக் கூப்பிடலாம். ஸ்டேட்மென்ட் மெதுவாக வரட்டும்.

கணக்கை முடக்குவதிலும் நிதானம் வேண்டும். திருட்டுப் பணத்தில் கொஞ்சம் ஒரு கடைக்காரர் கணக்கில் வந்து விழுந்தால், எங்கோ ஒரு வெளிமாநில ஸ்டேஷனிலிருந்து கடிதம் வந்து அவருடைய மொத்தக் கணக்கும் நின்றுபோகிறது. சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்தினால் போதும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-ல் சொன்னது எனக்கு முழுக்கச் சரியாகப் படுகிறது.

ஆளைத் தேடிப் பிடிப்பது இதைவிடக் கஷ்டம். போலிக் கணக்கைப் பற்றி விசாரணை அதிகாரி அந்த நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பினால், பதிலில் ஐபி முகவரியும் (இணைய இணைப்பின் எண்) அது பயன்பட்ட நேரமும் வரும். அந்த நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரமான யுடிசி கணக்கில் இருக்கும். நம் நேரம் வேண்டுமென்றால் ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். அப்புறம், மொபைல் நெட்டில் ஒரே ஐபி முகவரியை ஒரே சமயத்தில் ஏராளமான பேர் பயன்படுத்துகிறார்கள். நொடி சுத்தமான நேரமும், அவர்களைப் பிரித்துக் காட்டும் போர்ட் எண்ணும் கையில் இல்லாவிட்டால், தொலைத்தொடர்பு நிறுவனத்தால் இன்னார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நேரத்தை மாற்ற மறந்தால், குற்றத்துக்குச் சம்பந்தமே இல்லாதவர் வீட்டில் போய் போலீஸ் நிற்கும். இந்தப் பதிவுகள் காலம் முழுக்க இருக்கப்போவதும் இல்லை. கணினிப் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-ல் உத்தரவு போட்டது. கடைகளில் சிசிடிவி காட்சியைப் பதியும் டிவிஆர் பெட்டியில் இருப்பதற்கு அவ்வளவு ஆயுள்கூடக் கிடையாது. ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழைய காட்சி மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும்.

தாமதம் என்ன செய்யும் என்று சேலத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2016 ஜூனில் நம் மாவட்டத்தில், மார்பிங் செய்த படங்களை முகநூலில் போட்டதால் ஓர் இளம்பெண்ணை இழந்தோம். குடும்பம் முன்பே புகார் கொடுத்திருந்தது. ஐபி விவரத்துக்காகக் காத்திருந்ததாகக் காவல்துறை சொன்னது. அவர் இறந்து சில நாட்களுக்குள் ஒருவரைக் கைது செய்ய முடிந்தது. மாவட்டக் காவல்துறைத் தலைமை தாமதத்துக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. அந்தச் சில நாட்களை இன்றுவரை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அன்றைக்கு இல்லாத வசதி இன்றைக்கு நிறைய வந்துவிட்டது. மாநகரத்துக்கும் மாவட்டத்துக்கும் தனித்தனி சைபர் கிரைம் ஸ்டேஷன் இருக்கிறது. ஆன்லைனிலேயே புகாரைப் பதியலாம். எங்கள் லிமிட் இல்லை என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாதபடி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு சொல்கிறது. ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 78-வது பிரிவு, அந்தச் சட்டப்படியான குற்றங்களை இன்ஸ்பெக்டருக்குக் கீழே உள்ள யாரும் விசாரிக்கக் கூடாது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. குக்கிராமம் வரை ஸ்மார்ட்போன் போய்ச் சேர்ந்துவிட்ட பிறகும் இந்தக் கட்டுப்பாடு எதற்கு? பயிற்சி கொடுத்துவிட்டு சப்-இன்ஸ்பெக்டர்களுக்கும் இந்த அதிகாரத்தைக் கொடுக்க வேண்டும்.

கோர்ட்டில் நடப்பதையும் சொல்ல வேண்டும். மின்னணு ஆதாரத்தின் நகலைக் கொடுத்தால் கூடவே சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் திட்டவட்டமாகத் தீர்ப்புச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவு அதை இன்னும் இறுக்கியிருக்கிறது. கருவியை வைத்திருந்தவர் ஒரு பகுதியும் நிபுணர் இன்னொரு பகுதியும் எழுதிக் கையெழுத்திட வேண்டும், ஹேஷ் எண்ணையும் குறிப்பிட வேண்டும். கோப்பில் இருக்கும் ஒவ்வொரு பிட்டையும் வைத்துக் கணக்கிட்டு எடுக்கும் எண் அது. ஒரு புள்ளி மாறினாலும் எண் முழுக்க மாறிப்போகும். அதனால்தான் கைப்பற்றிய போனை யாரும் திறந்து நோண்டக் கூடாது என்கிறோம். ஏரோபிளேன் மோடில் போட்டு, அலைவரிசை உள்ளே போகாத உறையில் வைத்து, பிரதி எடுத்துத்தான் ஆய்வு செய்ய வேண்டும். ஆர்வத்தில் போனை ஆன் செய்து வாட்ஸ்அப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு கைப்பற்றியதை எழுதிவைக்கும் மகஜரில் ஒன்றும் எழுதாமல் விட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் பிடிப்பது அந்த இடத்தைத்தான். நானாக இருந்தாலும் அதைத்தான் பிடிப்பேன்.

நேர்மையாக உழைக்கும் சைபர் போலீஸாரை எனக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு சாதாரண ஸ்டேஷனிலும், எந்த ஷிப்டாக இருந்தாலும், இந்த முதல் வேலைகளைத் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். லிங்க்கைப் பதிவு செய்வது, ஆதாரத்தை அழிக்காமல் வைக்கச் சொல்லி நிறுவனத்துக்கு எழுதுவது, பக்கத்துக் கடை சிசிடிவியை அன்றைக்கே வாங்குவது, இவற்றுக்குப் பெரிய ஆய்வகம் எதுவும் தேவையில்லை.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு இதையும் சொல்கிறேன். படத்தை வைத்து யாராவது மிரட்டினால் பதற்றத்தில் சாட்டை அழிக்காதீர்கள், போனை ரீசெட் செய்யாதீர்கள். அந்தக் கணக்கின் லிங்க், தேதியும் நேரமும் தெரியும் ஸ்கிரீன்ஷாட், வந்த எண், இவற்றை முதலில் எடுத்து வையுங்கள். பிறகு பிளாக் செய்யுங்கள். மார்பிங் படம், அந்தரங்கப் படம் என்று பாதிக்கப்பட்டவர் சொன்னால் 24 மணி நேரத்துக்குள் தளம் அதை நீக்க வேண்டும் என்று 2021 விதிகளிலேயே வைத்தார்கள், 2026 பிப்ரவரியில் அதை இரண்டு மணி நேரமாகக் குறைத்துவிட்டார்கள். அதனால் தளத்துக்கும் போலீஸுக்கும் ஒரே நாளில் புகார் கொடுங்கள். ஸ்டேஷனில் கொடுத்தால் புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். பிள்ளையைத் திட்டாதீர்கள், தனியாக விடாதீர்கள். ரசீது தர மறுத்தால் எனக்கு மெசேஜ் போடுங்கள், கூடவே வருகிறேன்.