மனு எழுதும்போதே பாதி கேஸ் போய்விடுகிறது

காரைக்குடியில் ஜெராக்ஸும் டைப்பிங்கும் சேர்ந்த சின்னக் கடை என்னுடையது. வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், கலெக்டர் ஆபீஸுக்குத் திங்கட்கிழமை மனு என்று நாள் ஓடும். நடுநடுவே போலீஸ் புகார்களும் வரும். அவற்றை அடித்துக் கொடுத்தே எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. சாதியைச் சொல்லியோ, மதத்தைச் சொல்லியோ, “வடக்கத்திக்காரன்தானே, யாரு கேக்கப் போறா” என்றோ ஒருவரை அடித்தாலும் அவமானப்படுத்தினாலும், அந்த வழக்கு கோர்ட் வாசலைப் பார்ப்பதற்கு முன்பே, தாளில் ஏறும்போதே பெரும்பாலும் தோற்றுவிடுகிறது.

எப்படி என்று சொல்கிறேன். பழைய நகரத்தார் வீடு ஒன்றில் மராமத்து வேலைக்குப் போகும் ஓர் அக்கா கடைக்கு வந்தார். கூலி பாக்கி கேட்டதற்கு, வேலையை மேற்பார்க்கும் ஆள் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டி, அவர் தலையிலிருந்த சாந்துச் சட்டியைத் தட்டிவிட்டிருக்கிறார். அக்கா நடந்ததை ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னார். கூட வந்த ஊர்க்காரர் குறுக்கே புகுந்து, “தம்பி, அதெல்லாம் எதுக்கு? தகாத வார்த்தையால திட்டினார்னு போடுங்க, போதும்” என்றார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அந்தச் சொல்லை மனுவில் எழுதுவதாவது என்று அவருக்குக் கூச்சம், அவ்வளவுதான். ஆனால் வழக்கின் உயிரே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது தனிக் குற்றம். ஆனால் அது பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். நாலு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாதபோது நடந்தால் அந்தப் பிரிவு பொருந்தாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆகவே, தெருவில் போகிறவர் கண்ணில் படும் முகப்பில் நடந்ததா, உள்ளே வளவில், அதாவது உள்முற்றத்தில் நடந்ததா, வளவு என்றால் கூட நின்றவர்கள் யார் யார், எல்லாம் மனுவில் வர வேண்டும். திட்டியவர் எந்தச் சமூகம் என்பதும், திட்டிய வார்த்தையும் அப்படியே வர வேண்டும். “தகாத வார்த்தை” என்று பூசி மெழுகினால் அது வெறும் வாய்ச்சண்டை. இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசி, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். அக்கா சொன்னபடியே அடித்துக் கொடுத்தேன்.

மனுவே எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் போதும். ஸ்டேஷனில் எழுதிக்கொண்டு, வாசித்துக் காட்டி, அப்புறம்தான் கையெழுத்து வாங்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். புகார் வந்தது என்பதற்கு மட்டும் தரும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து “போயிட்டு வாங்க” என்றால் எஃப்.ஐ.ஆர். போட்டாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டும் வேறு. வன்கொடுமை வழக்கென்றால் எஃப்.ஐ.ஆர். போடுவதற்கு முன் முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று 2018 திருத்தமே சொல்கிறது. டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாதவர்தான் விசாரிக்க வேண்டும். ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். 14566 என்ற தேசிய உதவி எண்ணும் இருக்கிறது.

நம் பக்கத்துக்கென்று தனித் தலைவலி ஒன்று உண்டு. செட்டிநாடு இரண்டு மாவட்டத்தில் கிடக்கிறது. கானாடுகாத்தானும் பள்ளத்தூரும் சிவகங்கை, ராயவரமும் கோனாப்பட்டும் புதுக்கோட்டை. காலையில் அங்கே வேலை, ராத்திரி இங்கே வீடு என்று இருப்பவரிடம் “இது எங்க லிமிட் இல்லப்பா” என்று சொல்வது சுலபம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி அந்தப் பதில் செல்லாது. எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் பதிய வேண்டும்.

“எல்லாம் பொய் கேஸு” என்று பின்னூட்டத்தில் வரப்போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இதே சிவகங்கை மாவட்டத்தில், கச்சநத்தத்தில், 2018 மே மாதம் பட்டியல் சமூகத்தவர் மூன்று பேரைச் சாதி வெறியில் வெட்டிக் கொன்றார்கள். 2022-இல் சிறப்பு நீதிமன்றம் 27 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அதையும் பொய் என்பீர்களா?

தமிழ் தெரிந்தவருக்கே இந்தப் பாடு என்றால், ஒடியாவும் போஜ்புரியும் பேசுகிற பையன்களை நினைத்துப் பாருங்கள். ஹோட்டலில், கட்டட வேலையில், எங்கும் அவர்கள்தான். ஒரு பையனை ராத்திரி இரண்டு பேர் மறித்து, ஊரைச் சொல்லித் திட்டி மண்டையை உடைத்தார்கள். ஸ்டேஷனில் அவனுக்காகப் பேசியவர் யார்? அவனுடைய மேஸ்திரி. பையன் மூச்சுவிடாமல் சொன்னதெல்லாம் மேஸ்திரி வாயில் “சின்னத் தகராறு ஏட்டய்யா, போதையில நடந்துபோச்சு” என்று வந்து நின்றது. மேஸ்திரிக்கு வேலை நிற்கக் கூடாது, அடித்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். அப்புறம் அந்தத் தமிழ்த் தாளை அவனுக்கு வாசித்துக் காட்டி என்ன புண்ணியம்?

கூடவே வந்த புதிய தண்டனைச் சட்டத்தில், ஐந்து பேருக்குக் குறையாத கும்பல் பிறந்த ஊரையோ மொழியையோ காரணமாக வைத்து ஒருவரைக் கொன்றாலோ கொடுங்காயப்படுத்தினாலோ அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. ஆனால் புகார் எழுதுகிற மேஜையில் வேற்று மொழிக்காரருக்கு மொழிபெயர்ப்பாளர் என்று புதிய நடைமுறைச் சட்டம் தனியாகச் சொல்லவில்லை. 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களை இங்கே அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவியபோது மட்டும் இந்தி பேசுகிறவர்களை வைத்து அவசர அவசரமாக உதவி எண்கள் வந்தன. அந்தச் சுறுசுறுப்பு சும்மா இருக்கிற நாளிலும் வேண்டும் என்கிறேன்.

சித்தப்பா மகன் இங்கிலாந்தில் இருக்கிறான். அங்கே அவசரம் என்றால் 999, இல்லையென்றால் 101. ஆங்கிலம் வராதவருக்குப் போனிலேயே மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்களாம். பாதிக்கப்பட்டவர் ‘இது வெறுப்பினால் நடந்தது’ என்று சொன்னாலே போலீஸ் அப்படிப் பதிந்துகொள்ள வேண்டும். ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் 1993-இல் கொல்லப்பட்டு, அந்த விசாரணை சொதப்பி, 1999-இல் அறிக்கை வந்த பிறகு நிலைத்த வழக்கம் அது. அவர்களும் அடிபட்டுத்தான் கற்றார்கள். நம் பிள்ளைகளுக்கு அங்கே இது கிடைத்தால் சந்தோஷப்படுகிறோம், இங்கே ஒடிசாக்காரன் கேட்டால் “தமிழ் கத்துக்கிட்டு வரட்டுமே” என்கிறோம். நல்லா இருக்கு நியாயம்.

இத்தனைக்கும் காரைக்குடியில் மொழிக்குப் பஞ்சமே இல்லை. சிக்ரி ஆய்வகத்திலும் அழகப்பா பல்கலைக்கழகத்திலும் வெளிமாநிலத்தார் இருக்கிறார்கள். இந்தி, ஒடியா, வங்காளம் தெரிந்து, ஸ்டேஷனுக்கு வந்து நடுநிலையாகச் சொல்ல மனமுள்ளவர்களின் பட்டியல் ஒன்றை வட்டச் சட்டப் பணிகள் குழு வைத்துக்கொண்டால் போதும், மேஸ்திரியை நம்ப வேண்டாம். இலவச வக்கீலுக்கான எண் 15100. பட்டியல் சமூகத்தினருக்கும் பெண்களுக்கும் அதில் வருமான வரம்பு கிடையாது.

மொழிபெயர்ப்பவர்கள் பட்டியலில் சேர விருப்பமுள்ளவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், சேர்த்து ஒரே மனுவாகக் குழுவிடம் கொடுத்துவிடலாம். இந்த மாதிரிப் புகார்களுக்கு என் கடையில் டைப்பிங் காசு கிடையாது. ஜெராக்ஸுக்கு மட்டும் கொடுங்கள், பேப்பர் விலை ஏறிக் கிடக்கிறது.